அப்பாவின் கால் விறைப்பு: யார் சொல்வதை நம்புவது?

களுதாவளை மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் களுதாவளையில் இருக்கிறேன், ஆரம்பப் பிரிவு ஆசிரியை. அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 64 வயது. வெற்றிலைத் தோட்டம் செய்கிறார். சீனி வருத்தம் (நீரிழிவு) வந்து 14 வருடம். இரண்டு வருடமாகக் கால் விறைக்கிறது என்கிறார். முதலில் பெருவிரல் நுனி, பிறகு எல்லா விரலும், இப்போது கணுக்காலுக்கு மேலேயும் ஏறிவிட்டது. பகலில் தோட்ட வேலையோடு அதை மறந்திருப்பார். இரவு பத்து மணிக்குப் பிறகுதான் எரிவு தொடங்கும். போர்வை பட்டாலும் தாங்கமாட்டார். கட்டிலை விட்டிறங்கி, வெறும் சீமெந்துத் தரையில் உள்ளங்காலை வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்த இரவுகளும் உண்டு. விறைத்த கால் எப்படி எரியும் என்று அம்மா கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

பங்குனி மாதம் ஒரு பின்னேரம் தோட்டத்தால் வந்து விறாந்தையில் நடந்தார். நடந்த வழியெல்லாம் சிவப்பாக இருந்தது. என் சின்ன மகன்தான் முதலில் கண்டான். "அம்மப்பா, கால்ல ரத்தம்" என்று கத்தினான். பார்த்தால் உள்ளங்காலில் போத்தல் ஓடு ஏறி இருக்கிறது. எப்போது ஏறியது என்று அப்பாவுக்குத் தெரியவே இல்லை. அதைப் பிடுங்கும்போதுகூட முகம் சுளிக்கவில்லை. அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நித்திரை வராது.

அன்றிலிருந்து கேட்காத ஆள் இல்லை. ஒரு இடத்தில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டித் தனியாக நேரம் எடுத்து, டொக்டரிடம் காட்டினோம். மூன்று நிமிடம்தான். "சீனி என்றால் இப்படித்தான்" என்று சொல்லி விட்டமின் குளிசை எழுதித் தந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. பிறகு இரண்டு பாமசிகளில் கேட்டோம், இரண்டு பேரும் வேறு வேறு குளிசை தந்தார்கள். உப்புச் சுடுதண்ணீரில் காலை ஊற வைத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார் ஊரில் ஒருவர். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 7,500 ரூபாய்க்கு எண்ணெய் ஒரு போத்தல் எடுத்தேன். 21 நாளில் நரம்பு புதிதாகும் என்று அதில் போட்டிருந்தது. 40 நாள் தேய்த்தோம். யூடியூப்பில் ஒருவர் சோற்றை முழுதாக நிறுத்து என்கிறார், இன்னொருவர் இதற்கு மருந்தே இல்லை என்கிறார். எல்லோரும் உறுதியாகத்தான் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. 2004 சுனாமியில் என் தம்பி மரத்தைப் பிடித்துத் தப்பினான். அதற்காக அப்பா கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்தார். உகந்தையிலிருந்து காட்டு வழியாக, வெறுங்காலோடு. முடிந்த வருடங்களில் எல்லாம் நடந்தார், இதுவரை 11 தடவை. இந்த ஆடிக்கும் போக வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பக்கத்தில் எங்கே காட்டலாம், என்ன கேட்க வேண்டும், எதை வாசித்தால் உண்மை தெரியும்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


மருதமுனைத் தறி எழுதியது:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். போத்தல் ஓடு பற்றிய இடத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை.

எனக்கு 57. சீனி 16 வருடம். கைத்தறி நெசவுதான் தொழில். எந்த மிதிகட்டையில் எந்தக் கால் இருக்கிறது என்று 30 வருடமாகக் குனிந்து பார்த்ததே இல்லை, காலுக்கே தெரியும். ஒரு நாள் சாரனில் கரைக் கோடு பிழைத்தது. நூல் பிழை என்று நினைத்தேன். அடுத்த வாரமும் பிழைத்தது. குனிந்து பார்த்தபோதுதான் என் வலது கால் வேறு மிதியில் இருப்பது தெரிந்தது. அப்போதே காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை.

அந்த வருடம் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் நின்று ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எல்லாம் சுடுகிறது என்று நிழலுக்கு ஒதுங்கினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரவு பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். வீட்டிலேயே களிம்பு பூசி நான்கு நாள் விட்டேன். அந்த நான்கு நாளில் கிருமி உள்ளே போய்விட்டது. இடது காலில் இரண்டாவது விரலை எடுத்தார்கள். உங்கள் வாப்பாவின் காயம் இப்போது எப்படி இருக்கிறது? ஆறிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆறவில்லை என்றால் இதை வாசித்து முடிக்காமல் நாளைக் காலையே கூட்டிக்கொண்டு போங்கள்.

எரிவு பற்றிச் சொல்கிறேன். எனக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் தந்தார்கள், இரவு எட்டு மணிக்கு. முதல் வாரம் வாய் உலர்ந்தது, காலையில் தலை மந்தமாக இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு இரவு விழிக்காமல் தூங்கினேன். மனைவி பயந்து எழுப்பிப் பார்த்திருக்கிறார். இடையில் ஒன்று நடந்தது. என் மகன் போனில் தேடி, இது மனச்சோர்வுக்குத் தரும் மருந்து என்று வாசித்துவிட்டுக் குளிசையை ஒளித்து வைத்துவிட்டான். நான்கு நாளில் எரிவு திரும்ப வந்தது. கிளினிக்கில் டொக்டர் அவனை உட்கார வைத்து விளக்கினார்: அந்த மருந்து முதலில் மனச்சோர்வுக்கு வந்ததுதான், ஆனால் குறைந்த அளவில் நரம்பு வலியைத் தணிக்கும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள், உலகம் முழுவதும் அதற்கும் கொடுக்கிறார்கள். மகன் வாசித்தது பொய்யில்லை, பாதி.

வெறுங்கால் பற்றி என் நெஞ்சில் உள்ளதை எழுதுகிறேன். பள்ளிக்குள் வெறுங்காலோடு நிற்பது எனக்குப் பழகிய சுகம். அதை விடுவது இலேசாக இருக்கவில்லை. மௌலவியிடம் போய்க் கேட்டேன். தோல் காலுறை போட்டு அதன் மேல் மஸ்ஹ் செய்து, அதாவது கால் கழுவுவதற்குப் பதிலாக ஈரக் கையால் தடவித் தொழ மார்க்கத்தில் இடம் உண்டு என்று சொன்னார். வீட்டில் வெள்ளைச் சொக்ஸ் போடுகிறேன். இரத்தமோ நீரோ பட்டால் வெள்ளையில் உடனே தெரியும். உங்கள் கோயில் ஐயாவிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்டால்தானே வழி தெரியும்.


கடலோரம் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன எண்ணெய் இல்லை, வேறொன்று இருக்கிறது. என் மாமி நரம்புக்கு ஒரு கறுப்புச் சூரணம் குடித்தார், நன்றாகச் சுகம் வந்தது. ஏறாவூரில் ஒருவர் செய்து கொடுக்கிறார். விபரம் வேண்டும் என்றால் தனியாக அனுப்புகிறேன்.


ஓய்வுபெற்ற மிஸி எழுதியது:

மகள், 31 வருடம் வார்டிலும் கிளினிக்கிலும் தாதியாக வேலை செய்தேன். இப்போது ஆரையம்பதியில் வீட்டில் இருக்கிறேன். நான் டொக்டர் இல்லை, அப்பாவின் காலை நான் பார்க்கவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் அம்மாவின் கேள்வி. விறைத்த கால் ஏன் எரிகிறது? முதுகெலும்பிலிருந்து கால்விரல் நுனிக்குப் போகும் நரம்புதான் உடம்பிலேயே நீளமானது. கொடிக்குத் தண்ணீர் குறைந்தால் நுனித் தளிர்தானே முதலில் வாடும்? அப்பாவுக்கு இது உடனே விளங்கும். அதனால்தான் விரலில் தொடங்கிச் சொக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது, முழங்காலுக்குக் கிட்ட வரும்போது கைவிரலிலும் தொடங்கும். தொடுகையைக் கொண்டுபோகும் நரம்பு இழை வேறு, சூட்டையும் வலியையும் கொண்டுபோகும் மெல்லிய இழை வேறு. சில இழைகள் செத்துப் போவதால் விறைப்பு. பழுதாகி இன்னும் சாகாத இழைகள் ஒன்றும் படாமலே "சுடுகிறது, குத்துகிறது" என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அதுதான் எரிவு. இரண்டும் ஒரே காலில் இருக்கும். அப்பா பொய் சொல்லவில்லை என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் இந்த வருத்தக்காரர்களுக்கு வலியைவிடப் பெரிய துக்கம், வெளியில் ஒன்றும் தெரியாத காலைப் பார்த்து வீட்டார் நம்பாமல் விடுவதுதான்.

சுடுதண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சூடு தெரியாத காலை ஊற வைத்து வெந்த காலோடு வந்தவர்களுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். குளிக்கிற தண்ணீரையும் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அல்லது உங்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுக் காலில் ஊற்றட்டும்.

எங்கே போவது? உங்களுக்குக் கிட்ட களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அப்பாவின் கிளினிக் கொப்பியோடு மெடிக்கல் கிளினிக்குக்குப் போங்கள். தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள். காசு கொடுத்து மூன்று நிமிடம் காட்டுவதைவிட, இலவசமாக வரிசையில் நின்று ஒவ்வொரு மாதமும் அதே கொப்பியில் எழுதுவிப்பது இந்த வருத்தத்துக்கு நல்லது. இது ஒரு நாளில் தீர்கிற விஷயம் இல்லை, தொடர்ந்து பார்க்க வேண்டியது.

போகும்போது வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசை மட்டைகளையும், அந்த எண்ணெய்ப் போத்தலையும்கூட ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். சீனிக்குத் தரும் மெட்ஃபோமின் குளிசையை எத்தனை வருடம் குடிக்கிறார் என்று சொல்லுங்கள். நீண்ட காலம் மெட்ஃபோமின் குடித்தால் பி12 குறையலாம், பி12 குறைந்தாலும் இதே விறைப்பு வரும். விறைப்பு உள்ளவர்களுக்கு பி12 பார்க்கச் சொல்லி 2022 இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் டொக்டர்மாருக்கு அறிவுறுத்தியது. "சீனியால்தான் என்று எப்படித் தெரியும், வேறு காரணம் பார்த்தீர்களா" என்று மரியாதையாகக் கேளுங்கள். தைரொயிட், சிறுநீரகம், மதுப் பழக்கம், காசநோய்க்குக் குடித்த மருந்து, புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து எல்லாம் காரணமாகலாம். அப்பா குடிப்பவர் என்றால் மறைக்காமல் சொல்லட்டும். சலம் (சிறுநீர்) போகக் கஷ்டமா, எழும்பும்போது தலை சுற்றுகிறதா, கண்ணை மூடி முகம் கழுவும்போது ஆடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலின் தறித் தம்பிக்குச் சரிவந்தது. இதய வருத்தமோ சலம் அடைப்போ உள்ளவருக்கு அது ஒத்துவராமல் போகலாம். நரம்பு வலிக்குத் தரும் மற்றக் குளிசைகளான கபாபென்டின், ப்ரீகபலின் என்றால் சிறுநீரகம் எப்படி என்று பார்த்துத்தான் அளவு போட வேண்டும், நிறுத்துவதும் மெல்ல மெல்லத்தான்.

இந்தக் குளிசைகள் வலியைக் குறைக்கும், நரம்பை வளர்க்காது. இதைச் சொல்லாமல் கொடுப்பதால்தான் சனங்கள் ஏமாந்துபோய் எண்ணெய்க்காரரிடம் ஓடுகிறார்கள். கொக்ரேன் என்ற ஆய்வுக் குழு 2017 இல் கபாபென்டின் பற்றி இருந்த ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. குடித்த பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. மருந்தே இல்லாத மாக்குளிசை குடித்தவர்களிலும் பத்துக்கு ஒன்று இரண்டு பேருக்கு அப்படிக் குறைந்தது. ஆகவே ஒன்று கேட்கவில்லை என்றால் அடுத்ததை முயற்சிப்பது வழமை, தோல்வி இல்லை. 2022 இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த பிரித்தானிய ஆய்வில், சீனியால் வந்த நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலொக்செட்டின், ப்ரீகபலின் என்று எதில் தொடங்கினாலும் பலன் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்தது. விலை கூடியது எல்லாம் மேலானது இல்லை.

கடலோரம் தம்பி, மாமிக்குச் சுகம் வந்தது சந்தோஷம். ஆனால் அந்தச் சூரணத்துக்குள் என்ன இருக்கிறது என்று மாமிக்குத் தெரியுமா? ஈயம், பாதரசம், ஆர்சனிக் கலந்த மருந்துகள் நாட்டு மருந்து என்ற பெயரில் உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கின்றன. ஈயமும் ஆர்சனிக்கும் நரம்பையே பழுதாக்கும். சுதேச மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால், அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலையில் பதிவு பெற்ற வைத்தியரிடம் காட்டட்டும். பெயரில்லாத போத்தல் வேண்டாம்.

வாசிப்பது பற்றி. நான் ஒன்றுதான் பார்ப்பேன்: எழுதியவர் எனக்கு ஏதாவது விற்கிறாரா? விற்றால் மூடிவிடுவேன். பிரித்தானிய தேசிய சுகாதார சேவையின் பக்கமும், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸும் ஆங்கிலத்தில் இருந்தாலும் எளிதாக இருக்கும். ஆசிரியைக்கு அது பெரிய வேலை இல்லை. கொக்ரேனின் சில சுருக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன. நல்ல பக்கத்தில் "சிலருக்கு", "இருக்கலாம்", "டொக்டரைக் கேளுங்கள்" என்ற சொற்கள் அடிக்கடி வரும். "எல்லோருக்கும்", "21 நாளில்", "ஒரேயடியாக" என்று வந்தால் விட்டுவிடுங்கள். மருந்து பதிவானதா என்பதற்குத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது, டொக்டர் பதிவானவரா என்பதற்கு இலங்கை மருத்துவ சபை இருக்கிறது. அதைவிட எளிதான ஒரு அடையாளமும் உண்டு. அப்பாவின் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைத் தொட்டுப் பார்க்கிறவரை நம்பத் தொடங்கலாம்.

இன்னும் ஒன்று. விறைப்பு சில நாளிலேயே காலிலிருந்து மேலே ஏறிக் கால் பலமிழந்தால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் என்றால், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று விறைத்தால், முதுகு வலியோடு சலம் மலம் கட்டுப்பாடு போனால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வைத்தியசாலை. ஒரு பாதம் மட்டும் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படித்தான், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.


திருக்கோவில் வயல் எழுதியது:

மிஸி அம்மா "வேறு காரணம் பார்த்தீர்களா" என்று எழுதியதற்காகத்தான் நான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு 49. வயல். இடது கையில் சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்தன. சீனி சோதித்தால் கொஞ்சம் கூட. அதனால்தான் என்று ஒரு வருடம் விட்டமின் குடித்தார். விரல் இரண்டும் மெல்ல மடங்கத் தொடங்கின. முழங்கையில் தேமல் மாதிரி வெளிறிய ஒரு இடம் இருந்தது, அதில் அரிவாள் கீறினாலும் அவருக்குத் தெரியாது. தேமல்தானே என்று இருந்துவிட்டோம். கடைசியில் தோல் கிளினிக்கில் ஒரு டொக்டர் அந்த இடத்தைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார், முழங்கைக்குப் பின்னால் தடித்திருந்த நரம்பை விரலால் தேடிப் பிடித்தார். தொழுநோய்.

அந்தச் சொல்லைக் கேட்டு நான் அங்கேயே அழுதேன். நோய் நாட்டில் ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். 1995 இல் இலங்கை அதைப் பெரும் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இறக்கியது உண்மைதான், ஆனால் கிழக்கில் இன்னும் புது நோயாளிகள் வருகிறார்கள். மருந்து முழுக்க இலவசம். 12 மாதம் குடித்தார், முடிந்தது. மருந்து தொடங்கியதும் மற்றவருக்குத் தொற்றாது. எங்கள் சொந்தக்காரர் சிலர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருந்தது வேறு கதை, அதை எழுதினால் மனம் கனக்கும். ஒரு விரல் நிமிர்ந்தது. சின்ன விரல் மடங்கியே இருக்கிறது. அந்த ஒரு வருடத்தை வீணாக்காமல் இருந்திருந்தால் அதுவும் நிமிர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அக்கா, உங்கள் அப்பாவுக்கு இரண்டு காலிலும் ஒரே மாதிரி என்பதால் சீனியாகத்தான் இருக்கும். ஆனாலும் உடம்பில் வெளிறிய இடம் ஏதும் உண்டா என்று ஒரு தடவை பாருங்கள்.

தோட்டத்துக்குக் கம்பூட்ஸ் (உயரமான ரப்பர் சப்பாத்து) போடச் சொல்லுங்கள். போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்ட வேண்டும், கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். சேற்றில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. இங்கே வயல் வேலை தொடங்கும்போது அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாக டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மருந்து தருவார்கள்.


களுதாவளை மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போக முடியவில்லை. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

தறி அண்ணா, காயம் முழுதாக ஆறவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். மேலே தோல் மூடியிருந்தது, உள்ளே சீழ். அடுத்த நாள் காலையே போனோம். கீறித் துடைத்து மருந்து கட்டினார்கள், பத்து நாள் அன்டிபயோட்டிக். இப்போது சுத்தமாக ஆறிவிட்டது. நீங்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது. உங்களுக்காக அம்மா மாமாங்கக் கோயிலில் அர்ச்சனை செய்திருக்கிறார்.

கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர். அவர் சொன்ன முதல் சொல், "ஐயா, செருப்பைக் கழற்றுங்கோ." மிஸி அம்மா, அந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலோன் இழையை எடுத்தார். அது வளையும் வரை அழுத்தினால் 10 கிராம் பாரமாம். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒவ்வொரு காலிலும் பத்து இடத்தில் வைத்தார். பட்டால் "ஓம்" சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இழை வளைகிறது, அப்பா பேசாமல் இருக்கிறார். அடுத்த விரல், பேசாமல் இருக்கிறார். வலது காலில் மூன்று ஓம், இடது காலில் ஐந்து. கண்ணைத் திறந்து, "இவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டார். பிறகு இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தார். அதன் அதிர்வும் தெரியவில்லை.

டொக்டர் என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். சலம் போவதில் அப்பாவுக்கு ஒரு வருடமாகக் கஷ்டமாம். மகளிடம் எப்படிச் சொல்வது என்று இருந்திருக்கிறார். அதனால் அமிட்ரிப்டிலின் வேண்டாம் என்று முடிவு செய்து, சிறுநீரகப் பரிசோதனை வந்த பிறகு கபாபென்டின் 300 இரவில் தொடங்கினார். முதல் இரண்டு நாள் தள்ளாட்டம் இருந்தது, இரவில் கழிப்பறைக்குப் போக அம்மா கூடவே எழும்பினார். இப்போது எரிவு இருக்கிறது, ஆனால் கட்டிலிலேயே படுத்திருக்கிறார். தரைக்கு இறங்குவதில்லை.

பி12 வெளியே லாப்பில் பார்த்தோம், குறைவாகத்தான் இருந்தது. ஊசி தொடங்கியிருக்கிறார்கள். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் சோதனை (HbA1c) 9.8 சதவீதம். அதற்கும் மருந்து மாற்றினார்கள். பையில் கொண்டுபோன குளிசைகளில் இரண்டு பாமசி தந்ததிலும் ஒரே விட்டமின்தான் வேறு வேறு பெயரில் இருந்தது, இரண்டிலும் பி6. பி6 அளவுக்கு மிஞ்சி நீண்ட நாள் குடித்தால் அதுவே நரம்பைப் பழுதாக்கும் என்று டொக்டர் சொன்னபோது நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நல்லது செய்கிறேன் என்று நினைத்து நானே என் கையால் எடுத்துக் கொடுத்த குளிசை அது. வயல் அக்கா, வெளிறிய இடம் எதுவும் இல்லை, டொக்டரே முதுகு வரைக்கும் பார்த்தார். உங்கள் கணவரின் விரல் நிமிர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

விறைப்பு போகுமா என்று அப்பா கேட்டார். பி12 குறைவால் வந்த பங்கு கொஞ்சம் திரும்பலாம், சீனியால் வந்தது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், மேலே ஏறாமல் தடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். நரம்பு வளர்ந்தாலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தானாம். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "கொடி இதைவிடக் கெதியா வளரும்" என்று மட்டும் சொன்னார். வரும் வழியெல்லாம் பேசவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு எண்ணெய் கேட்கவும் இல்லை.

கதிர்காமம் பற்றியும் கேட்டோம். டொக்டர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஐயா, காட்டுக்குள்ள ஐந்தாறு நாள். முதல் நாள் முள் குத்தினா ஆறாம் நாள்தான் உங்களுக்குத் தெரியும்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத் தம்பிக்குப் போன் எடுக்கச் சொன்னார். அவன் கொழும்பில் வேலை. "மகன், நேர்த்தி உனக்காகத்தான் வச்சது. இந்த முறை நீ நட" என்றார். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு லீவு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அப்பா உகந்தை வரை பஸ்ஸில் போய்க் கும்பிட்டு அவனை வழியனுப்பிவிட்டு, மற்றப் பக்கத்தால் கதிர்காமத்துக்கு வந்து காத்திருப்பார். கோயில் வாசல் வரை சப்பாத்து, உள்ளே தடித்த சொக்ஸ். எங்கள் ஐயாவிடம் கேட்டேன். முருகனுக்குத் தெரியும், போட்டுக்கொண்டு வரட்டும் என்றார்.

இப்போது ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்கு முன் சின்னவன் கண்ணாடியைப் பிடிக்கிறான், நான் டோர்ச் அடிக்கிறேன். விரல் இடுக்கு, குதி, நகக்கண் எல்லாம் பார்க்கிறோம். அப்பாவின் பாதத்தை நான் இவ்வளவு கிட்டப் பார்த்ததே இல்லை. காட்டில் எந்த இடத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும், குமுக்கன் ஆற்றை எந்த நேரத்தில் கடக்க வேண்டும் என்று அந்த நேரத்தில்தான் தம்பிக்குப் போனில் சொல்லிக் கொடுக்கிறார்.

ஒரு உதவி. முன்பக்கம் அகலமான சப்பாத்து வேண்டும். அப்பா இதுவரை பாட்டாச் செருப்பைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை, அளவுகூடத் தெரியாது. வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?


மருதமுனைத் தறி எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். தாயாருக்கு என் ஸலாமைச் சொல்லுங்கள், தங்கச்சி.

சப்பாத்துக்குப் பின்னேரம் போங்கள், காலையில் கால் சிறிதாக இருக்கும். போக முன் வாப்பாவை ஒரு தடித்த மட்டையில் நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மட்டை சப்பாத்துக்குள் ஓரம் மடங்காமல் கிடக்க வேண்டும். இறுக்கமா என்று வாப்பாவிடம் கேட்க வேண்டாம், அவருக்குத் தெரியாது. உங்கள் கையை உள்ளே விட்டுத் தையல், ஆணி ஏதும் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். முதல் நாள் அரை மணித்தியாலம் போட்டுவிட்டுக் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் சின்னவனிடம் கொடுங்கள்.